சுகூக் வாங்குவதற்கு முன் நான் படித்த ஆவணங்கள்

வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்ததால், சேமிப்பில் ஒரு பகுதியைச் சுகூக்கில், அதாவது வட்டிக்குப் பதிலாக ஒரு சொத்தின் அல்லது வணிகத்தின் வருவாயில் பங்கு தரும் இஸ்லாமியப் பத்திரங்களில், முதலீடு செய்ய முடிவெடுத்தேன். கணக்குத் தொடங்குவதில் சிரமம் எதுவும் இல்லை. வெளியீட்டு ஆவணத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது.

முதலில் படித்தது இஜாரா எனப்படும் குத்தகை வகை. நிறுவனம் தன் கட்டடத்தை இதற்கெனவே உருவாக்கப்பட்ட தனி அமைப்புக்கு விற்று, பிறகு அதையே குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த வாடகை முதலீட்டாளர்களுக்குப் பகிரப்படுகிறது. முதிர்வின்போது, முன்பே எழுதிக்கொடுத்த உறுதிமொழியின்படி கட்டடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இஸ்லாமியச் சட்டத்துக்கு (ஷரீஆ) ஏற்றதா என்று பார்க்கும் ஷரீஆ வாரியத்தின் ஒப்புதலும் தரமதிப்பீடும் முதல் பக்கங்களிலேயே இருந்தன. ஆனால் நிறுவனம் பணம் தராமல் போனால் கட்டடத்தை விற்று எங்கள் பணத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்பதற்கான பதில், இடர்கள் பகுதியில் வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்தது: முடியாது. பிணை எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நாங்களும் நிற்க வேண்டும். தரகு நிறுவனத்தின் ஆலோசகரிடம் கேட்டபோது, சந்தையில் பெரும்பாலானவை இப்படித்தான், சொத்தின் உரிமை உண்மையாகவே கைமாறுபவை குறைவு என்றார்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு குழுமம் கடன்களைத் திருப்பித்தர அவகாசம் கேட்டபோது, அதன் கிளையான நக்கீலின் சுகூக் வைத்திருந்தவர்களைக் காப்பாற்றியது பத்திரத்துக்கு அடியிலிருந்த நிலம் அல்ல, அபுதாபி கொடுத்த நிதி. 2017இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் எரிவாயு நிறுவனமான டானா காஸோ, தானே வெளியிட்ட சுகூக் இப்போது சட்டப்படி செல்லாது என்று அறிவித்து வழக்குக்கே போனது. ஷரீஆ சான்றிதழ் கடன் திறனுக்கான சான்றிதழ் ஆகாது. எனக்குத் தேவைப்பட்டது இரண்டும்.

சான்றிதழ் விஷயத்திலும் ஒருமித்த கருத்து இல்லை. முகமதிப்பிலேயே, அதாவது பத்திரத்தில் குறித்த தொகைக்கே, திரும்ப வாங்குவதாக முன்கூட்டி உறுதி கொடுக்கும் வழக்கத்தை இஸ்லாமிய நிதித்துறை அறிஞர் முஃப்தி தகீ உஸ்மானி 2007இல் விமர்சித்ததையும், அடுத்த ஆண்டு இஸ்லாமிய நிதித்துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் அயோஃபி (AAOIFI) அமைப்பு அது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டதையும் படித்த பிறகு, எந்த வகையில் எது அனுமதி என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பொருளை வாங்கி லாபம் சேர்த்துக் கடனுக்கு விற்கும் முராபஹாவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவற்றை ஒதுக்கிவிட்டேன்; அவை உண்மையில் கடன் நிலுவைகள் என்பதால், முகமதிப்பு தவிர வேறு விலைக்கு விற்பதைப் பல அறிஞர்கள் ஏற்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட்டி இல்லாத முதலீடு என்பதால் வட்டி விகித மாற்றம் பாதிக்காது என்று நம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். வருவாய் நிலையாக இருக்கும் சுகூக்கின் சந்தை விலை, மற்ற பத்திரங்களைப் போலவே விகிதங்கள் உயரும்போது இறங்கும். அதோடு, வாங்கியவர்கள் பெரும்பாலும் முதிர்வு வரை வைத்துக்கொள்வதால், அவசரத்துக்கு விற்கப் போனால் நல்ல விலைக்கு ஆள் கிடைப்பது கடினம்.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் வாங்கினேன். வருவாய் வரும் தேதிகள் முன்பே தெரிகின்றன, பங்குச்சந்தையின் அளவுக்கு ஏற்ற இறக்கம் இல்லை, பணம் மதுவிலோ சூதாட்டத்திலோ போவதில்லை. சர்வதேச வெளியீடுகளில் குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் 2 லட்சம் டாலர் என்பதால் நேரடியாக வாங்க வழியில்லை. அரசு வெளியீடுகளை அதிகம் வைத்திருக்கும் ஒரு சுகூக் நிதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிதியத்துக்கு முதிர்வுத் தேதி கிடையாது, நிர்வாகக் கட்டணமும் உண்டு. ஆகவே சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டுமே அதில் வைத்திருக்கிறேன்.