இலக்கண ஆசிரியரின் கவிதை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் 1944-இல் பிறந்த எம்.ஏ. நுஃமானை ஒரு தலைமுறை கவிஞராகவும், இன்னொரு தலைமுறை இலக்கணம் கற்பித்த பேராசிரியராகவும் அறிந்திருக்கிறது. பள்ளி ஆசிரியராகத் தொடங்கி யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் அவர் பணியாற்றினார். மொழியியலில் பயிற்சி பெற்றவர் என்பதால், இன்றைய எழுத்துத் தமிழ் உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பதிலிருந்தே இலக்கணத்தை விளக்கினார். அவரது 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' மாணவர்களுக்குப் பயன்படுவதற்கு அதுவே காரணம் என்பேன்.

அவருடைய கவிதைகளில் நான் அடிக்கடி திரும்பிச் செல்வது, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அடுத்து எழுதப்பட்ட 'புத்தரின் படுகொலை'. கனவொன்றில், சிவில் உடையணிந்த காவலர்கள் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். நூலகப் படிக்கட்டருகே அவர் உடல் கிடக்கிறது. இரவில் வரும் அமைச்சர்கள், பட்டியலில் இல்லாத இவரை ஏன் கொன்றீர்கள் என்று சினக்கிறார்கள். பிறகு காவலர்கள் புத்தகங்களால் மூடி அச்சடலத்தையும் எரித்துவிடுகிறார்கள். ஓரிடத்திலும் கவிதையின் குரல் உயர்வதில்லை. ஓர் அலுவலக விவகாரம் முடித்து வைக்கப்படுவதைப் போன்ற இந்த நிதானமே, எனக்கு ஆவேசமான கண்டனங்களைவிட அதிகம் உறைக்கிறது.

பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கியபோதும் அவர் கையாண்டது, அலங்காரத்தைத் தவிர்த்துப் பேச்சோசையைக் காத்த இதே மொழியைத்தான்.