கழுத்துப்பட்டையில் பிரிந்த நூல்

ஈரோட்டில் அப்பா உடுத்திய வெள்ளைச் சட்டைகளை அம்மா வாரந்தோறும் துவைத்து, நீலம் போட்டு, வடிகஞ்சியில் முக்கி உதறிக் காயவைப்பார். அந்த விறைப்பு அடுத்த துவைப்பிலேயே போய்விடும் என்றாலும், ஒவ்வொரு சட்டையும் நான்கைந்து ஆண்டுகள் உழைத்தது. நான் ஆசையாக வாங்கிய, சுருக்கம் விழாத பருத்திச் சட்டையோ ஒன்றரை ஆண்டிலேயே கழுத்துப்பட்டையின் மடிப்பில் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பெருந்துறையில் நெய்த துணியைப் பதப்படுத்தும் ஒரு பினிஷிங் ஆலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பருத்தி இழையிலுள்ள செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை விட்டுப்போய், துணி எப்படிக் கசங்கிக் காய்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்வதால் சுருக்கம் விழுகிறது. கஞ்சி இழையின் மேலே படிவதோடு சரி. சுருக்கம் விழாமலிருக்கத் துணியில் ஏற்றும் ரெசின் என்ற வேதிப்பொருளோ இழைக்குள்ளேயே புகுந்து, தண்ணீருக்கு அவிழாத முடிச்சுகளைச் சங்கிலிகளுக்கு இடையே போட்டுவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோவும் சக வேதியியலாளர்களும் 1950-களிலும் 1960-களிலும் இந்த வேதியியலை வளர்த்தெடுத்தார்கள்.

ரெசினும் அதன் வினையைத் தூண்டும் மெக்னீசியம் குளோரைடும் கலந்த தொட்டியில் துணியை முக்கி, உருளைகளுக்கிடையே பிழிந்து, இரு ஓரங்களையும் ஊசிகளில் மாட்டி ஸ்டென்டர் என்ற உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஓட்டி உலர்த்திய பிறகு, அந்த முடிச்சுகள் விழுவதற்காக ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் க்யூரிங் செய்வோம். வெளியே வந்த துணியில் ஒரு துண்டை நறுக்கி, ஓரத்தில் கத்தரி வைத்து இரு கைகளாலும் இழுத்தால், முன்பு விரல்களை எதிர்த்த அதே துணி சட்டென்று கிழிந்து வரும். முடிச்சு விழுந்த சங்கிலிகள் நழுவி இழுவையைப் பங்கிட்டுக்கொள்ள முடியாததால், பருத்தி தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கை, சில வேளை பாதியைக்கூட இழக்கிறது. பாலியெஸ்டர் கலந்த துணி இந்த இழப்பைத் தாங்கும். முழுப் பருத்தியில் அடி முதலில் விழுவது கழுத்திலும் கைமுனையிலும்தான்.

இன்னொன்று, சருமத்தை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள். வழக்கமான ரெசின்களிலிருந்து இது சிறிதளவு வெளியேறும். சருமத்தைத் தொடும் ஆடைகளுக்கு துணிகளில் தீங்கான வேதிப்பொருள்கள் உண்டா என்று சோதிக்கும் ஓகோ-டெக்ஸ் தரம் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. ஃபார்மால்டிஹைடு இல்லாத மாற்று வேதிப்பொருள்கள் உண்டு, விலைதான் அதிகம். எனவே புதுச் சட்டையை ஒருமுறை நன்றாக அலசிய பிறகே உடுத்துகிறேன்.

மகளின் பள்ளிச் சட்டைக்குச் சாதாரணப் பருத்தித் துணியே எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவளுடைய ஐந்து சட்டைகளையும் நானே தேய்த்து வைக்கிறேன்.