மேற்கு அறையிலிருந்து கிணறு வரை: அமெரிக்காவின் மெய்ன், 1816

1816 ஜூன் 6, வியாழன்
நேற்று வெயிலில் வியர்த்துக் கொட்டியது. இன்று காலை முதல் வெண்பனி விழுகிறது.

ஜூன் 8
மயிர் கத்தரித்த ஆடுகளில் இரண்டு குளிரில் விறைத்து இறந்துவிட்டன.

ஜூலை 10
மறுபடி விதைத்த மக்காச்சோளத்தையும் உறைபனி கருக்கிவிட்டது. இரவு உணவின்போது என் கணவர் மேற்கே இருக்கும் ஓஹாயோவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே அரசாங்க நிலம் ஏக்கர் 2 டாலராம். 160 ஏக்கருக்குக் குறைந்து தருவதில்லையாம். கால் பங்கை முதலில் கட்டிவிட்டால் மீதியை நான்கு ஆண்டுகளுக்குள் தீர்க்கலாமாம். மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 22
நேற்றும் உறைபனி. கிழக்கு வயல்காரர் வந்து விலை பேசினார். வீடு, களஞ்சியம், 60 ஏக்கர் எல்லாம் சேர்த்து 540 டாலர் என்று முடிந்தது: 200 வெள்ளி நாணயமாக, 50க்கு ஒரு ஜோடி உழவு மாடு, மீதி 290க்கு மூன்று புரோநோட்டு. எங்கள் வைக்கோல் போரில் தீப்பிடித்த அன்று முதலில் ஓடி வந்தவர் அவர்தான். ஆகவே விலை குறைவென்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 24
மாமியார் எங்களோடு வரப்போவதில்லை.

செப்டம்பர் 2
எங்கள் மெய்ன் பகுதி மாசச்சூசெட்ஸிலிருந்து பிரிந்து தனி மாநிலமாவதா என்று ஆண்கள் வாக்களிக்கப் போயிருக்கிறார்கள். நான் மேற்கு அறை வாசலிலிருந்து கிணறு வரை நடந்து பார்த்தேன்: முப்பத்தொரு காலடி வைக்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 11
நில அளவைக்காரர் வந்தார். வடகிழக்கு மூலையில் நிற்கும் பீச் மரத்தில் பழைய எல்லை வெட்டு தெரியவில்லை. பட்டை வளர்ந்து மூடியிருந்தது. அவர் கோடரியால் மெல்லச் செதுக்க, உள்ளே என் மாமனார் காலத்து வெட்டு கறுத்த வடுவாக அப்படியே இருந்தது. கிழக்கு வயல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு விரலால் அதைத் தடவிப் பார்த்தார். கிணற்று வழியையும் அளக்கச் சொன்னேன். அது பத்திரத்துக்கு வேண்டியதில்லை என்று சொன்னாலும், சங்கிலியை விரித்து அளந்தே கொடுத்தார்: 1 சங்கிலி, 12 கணு, அதாவது ஏறக்குறைய 74 அடி.

செப்டம்பர் 19
வரைவைப் படித்துக் காட்டினார்கள். பீச் மரம், கற்குவியல், ஓடைக்கரை, எல்லாம் இருக்கின்றன. மாமனார் இறந்த 1809இல் நீதிமன்றம் நியமித்த மூவர் மாமியாருக்கு அவர் ஆயுள் வரைக்கும் பிரித்துக் கொடுத்த மேற்கு அறையும், நிலவறையில் மூன்றில் ஒரு பங்கும், அடுப்பில் ரொட்டி சுடும் உரிமையும் இருக்கின்றன. கிணற்றுக்குப் போகும் வழி இல்லை. அந்தக் கிணறு 1812இல் வெட்டியது. அதற்கு முன் ஓடையிலிருந்துதான் தண்ணீர் சுமந்தோம், அதனால் அன்றைய காகிதத்தில் அது வர வாய்ப்பில்லை. "வயதானவரைத் தண்ணீர் எடுக்க வேண்டாமென்று யார் தடுக்கப் போகிறார்கள்?" என்று கிழக்கு வயல்காரர் கேட்டார். அவர் தடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர் நாளை இறந்தாலோ, கடனுக்காக வேறு ஒருவரிடம் விற்றாலோ, வருகிறவருக்கு மாமியார் யார்?

செப்டம்பர் 20
என் கணவர் எனக்கு முன் இறந்தால் இந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என் ஆயுள் வரை எனக்கு உரியது. அதை நான் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடாமல் கிழக்கு வயல்காரர் பணம் தர மாட்டார். வழியை எழுதிய பிறகே கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். இரவு முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 21
இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 28
கடும் உறைபனி. நின்றிருந்த கொஞ்சம் மக்காச்சோளமும் போயிற்று.

அக்டோபர் 3
பத்திரத்தைத் திருத்தி எழுதியிருந்தார்கள். "மேற்கு வாசலிலிருந்து கிணற்றுக்கு எக்காலமும் தடையின்றிப் போய்வரவும் தண்ணீர் எடுக்கவும்" என்ற வரியை நானே இரண்டு முறை படித்தேன். மாமியார் காலம் வரை அது செல்லும் என்று சமாதான நீதிபதி உறுதி சொன்னார். சாட்சிகள் இருவரும் பார்த்திருக்க, என் கணவரின் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்திட்டு, என் முத்திரையையும் ஒட்டினேன்.

அக்டோபர் 5
மாமியார் வாளியோடு மெதுவாகக் கிணற்றுக்குப் போய்வந்தார். நான் சுமக்க எழுந்தேன். வேண்டாம் என்று கையசைத்தார். வண்டிக்குச் சொல்லியிருந்த சக்கரம் இன்னும் வரவில்லை.