விராவின் பெட்ரோல் பிரஷர்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 2, 2025, ஞாயிறு

இன்று முதல் காரை பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் நிலையில், ஓட்டுவதில்லை. நான்காவது கியரில் 5,000 ஆர்பிஎம் தாண்டியதும், புகைக்குழாயில் அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் 11.5-ல் நிற்க வேண்டிய ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) மெல்ல ஏறி 13-ஐத் தொடுகிறது. அப்போது பூஸ்ட் 1.1 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்).

புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஏஎஃப்ஆர் 11.5 என்றால் எடையில் 11.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். சாதாரண ஓட்டத்தில் 14.7 போதும். பூஸ்டில் கூடுதலாகப் போகும் பெட்ரோல்தான் சிலிண்டரின் சூட்டைத் தணிக்கிறது. அது குறைந்தால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவதற்கு அதிக நேரம் ஆகாது.

என் கார் மலேசியாவின் புரோட்டான் விரா. 1993-ல் மிட்சுபிஷி லான்சரின் உடலை வைத்து வந்த கார். அதே தலைமுறை லான்சரில்தான் அதன் வேகமான டர்போ வகையான ஈவோ (எவல்யூஷன்) 3 வரை வந்தது. அதனால் ஜப்பானிலிருந்து பழைய காரின் முன்பாதியை அப்படியே வெட்டி அனுப்பும் ஹாஃப்‌கட்டில் உள்ள டர்போ இன்ஜின்கள் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் இதில் உட்காரும். என்னுடையது 1.5 லிட்டராகப் பிறந்தது. இப்போது உள்ளே இருப்பது லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ, நிமிடத்துக்கு 550 சிசி பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், டாங்கில் வால்ப்ரோ 255 பம்ப், கம்பெனியுடையதற்குப் பதிலாக மாட்டிய தனி இன்ஜின் கணினி (ஸ்டாண்டலோன் இசியூ). 0.8 பாரில் ஒரு குறையும் இல்லை. போன வருடக் கடைசியில் 1.1 ஆக்கிய பிறகுதான் இது தலைகாட்டியது.

எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று இசியூவில் எழுதியிருக்கும் மேப்பில் அந்த இடத்தில் பெட்ரோலைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேப் மாறவே இல்லையே, பெட்ரோல்தானே குறைந்திருக்கிறது. காரணம் தெரியாமல் இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால், நாளைக்கு பிரஷர் இன்னும் இறங்கும்போது தடுப்பதற்கு எதுவும் இருக்காது.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் இசியூ பதிவு செய்யும் லாகில் இன்ஜெக்டர் டியூட்டி, அதாவது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு, பார்த்தேன். 6,000 ஆர்பிஎம்மில் 72 சதவீதம். முழுக்கத் திறந்து திணறும் நிலை இல்லை. அப்படியென்றால் இன்ஜெக்டருக்கு வந்து சேர்வதில்தான் குறை.

கிள்ளானில் நமக்குத் தெரிந்த ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணனிடம் காட்டினேன். "பம்பு வீக்கா இருக்கும் தம்பி, மாத்திடுவோம்" என்றார். நாற்பது வருட அனுபவம் அவருக்கு, பாதி நேரம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் அளந்து பார்த்துவிட்டு மாற்றலாம் அண்ணே என்றேன். சரி என்று அவரே கேஜைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) நடுவில் ஒரு டி இணைப்பு போட்டு கேஜ். அதோடு 10 பார் வரை அளக்கும் சென்சார் ஒன்றையும் போட்டு இசியூவில் இணைத்துவிட்டேன். கண்ணெதிரே முள் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் பெட்ரோல் ஹோஸையே கேபினுக்குள் இழுத்து கேஜ் மாட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 4 பாரில் பெட்ரோல் உங்கள் மடி மேல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கேபினுக்குள் வயர் மட்டும் வந்தால் போதும்.

ஐடிலில் 2.4 பார். பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 3.0. இன்ஜினுக்குக் காற்று போகும் மானிஃபோல்டில் அப்போது வேக்குவம் 0.6. கணக்கு அப்படியே பொருந்துகிறது. கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரமோ வாடையோ இல்லை, அதனால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழியவில்லை. ஐடிலில் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. பெட்ரோல் பிரஷர் தொல்லையில் பாதிப் பேர் வழி தவறுவது இந்த இடத்தில்தான்: ஐடிலில் 3 பார் வந்தால் பம்ப் நல்ல பம்ப் என்று முடித்துவிடுகிறார்கள். ஐடிலில் இன்ஜின் குடிப்பது மிகக் கொஞ்சம், மீதியெல்லாம் ரிடர்ன் லைனில் டாங்குக்கே திரும்பிவிடுகிறது. பாதி செத்த பம்ப் கூட ஐடிலில் 3 பார் காட்டும்.

மார்ச் 8, சனி

காலையில் முதல் ஸ்டார்ட் இழுத்துக்கொண்டே போவது கொஞ்ச நாளாகவே உண்டு. இதுவும் அதுவும் ஒரே நோயா என்று பார்க்க நினைத்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு கேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நிற்கவில்லை, சில நிமிடங்களில் 1 பாருக்கும் கீழே வந்துவிட்டது. அணைத்த பிறகு பிரஷர் வெளியேற மூன்று வழிதான்: ஒழுகும் இன்ஜெக்டர், மூடாத ரெகுலேட்டர், அல்லது வந்த வழியே டாங்குக்குத் திரும்புவது. மறுபடி ஸ்டார்ட் செய்து அணைத்த கையோடு ரிடர்ன் ஹோஸை கிளாம்பால் நசுக்கினேன், அப்போதும் இறங்கியது. அடுத்த முறை வரும் ஹோஸை, கேஜுக்கும் டாங்குக்கும் நடுவில், நசுக்கினேன். முள் அசையாமல் நின்றது.

ஆக இன்ஜெக்டரும் ரெகுலேட்டரும் நல்லவை. ஒழுகல் டாங்கின் பக்கம். ஒன்று பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, இல்லையென்றால் டாங்குக்குள்ளேயே பம்பிலிருந்து மூடிக்குப் போகும் துண்டு ஹோஸ். (நசுக்குவது சாதாரண ரப்பர் இன்ஜெக்ஷன் ஹோஸில் மட்டும். உள்ளே டெஃப்லான் உள்ள பின்னல் ஹோஸை நசுக்கினால் மடிந்த இடம் திரும்பச் சரியாகாது.)

மார்ச் 12, புதன்

ஷா ஆலமில் டைனோ, அதாவது காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிப்பது. வேலை முடித்துப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நோன்பு மாதம், பசார் ரமடான் (நோன்புக்கால உணவுச் சந்தை) இருக்கிற சாலையெல்லாம் நகரவே இல்லை. ஆனால் இந்தச் சோதனையை நெடுஞ்சாலையில் செய்யக் கூடாது. லாக் எடுக்க நான்காவது கியரில் 6,000 வரை போக வேண்டும், அந்த வேகத்தில் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதுதான் முக்கியம், லாக் இல்லை.

லீன் ஆகும் (பெட்ரோல் குறையும்) கார் என்பதால் 13-ஐத் தொட்டதும் காலை எடுத்துவிடுவது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கிடைத்தது இதுதான். 3,000-ல் பூஸ்ட் 0.6, ரெயில் 3.6. 4,500-ல் பூஸ்ட் 1.1, ரெயில் 4.05. 5,000-ல் பூஸ்ட் அதே 1.1, ரெயில் 3.8. 6,000-ல் ரெயில் 3.45.

இந்த 3.45-ஐ நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐடிலில் 2.4, இங்கே 3.45. கேஜை மட்டும் பார்ப்பவர் பிரஷர் ஏறியிருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். ஆனால் இன்ஜெக்டரின் மூக்கு மானிஃபோல்டுக்குள் இருக்கிறது. பின்னாலிருந்து ரெயில் தள்ளுகிறது, முன்னாலிருந்து பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுகிறது. பெட்ரோலைத் தெளிப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பூஸ்ட் ஒரு பார் ஏறினால் ரெயிலும் ஒரு பார் ஏறி அந்த வித்தியாசம் எப்போதும் 3-ல் நிற்க வேண்டும், ரெகுலேட்டருக்கு வேக்குவம் ஹோஸ் கொடுத்திருப்பதே அதற்குத்தான். 6,000-ல் என் காரில் 3.45 கழித்தல் 1.1, அதாவது 2.35.

இன்ஜெக்டர் தெளிக்கும் அளவு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 2.35-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.885. பதினொன்றரை சதவீதம் பெட்ரோல் குறைவு. 11.5-ஐ 0.885-ஆல் வகுத்தால் 13.0. வைட்பேண்டும் அதையேதான் காட்டியது! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சென்சார்கள் ஒரே பதிலைச் சொன்னதும் எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. லீன் ஆவதற்கு முழுக் காரணமும் பிரஷர்தான். காற்றுக் கசிவு, இக்னிஷன் மிஸ், வைட்பேண்ட் கோளாறு எல்லாவற்றையும் இன்றோடு விட்டுவிடலாம்.

மார்ச் 15, சனி

ரெகுலேட்டருக்கு பெட்ரோலைத் திருப்பி அனுப்பத்தான் தெரியும், பிரஷரை உண்டாக்கத் தெரியாது. இன்ஜின் குடிப்பது பம்ப் கொடுப்பதைத் தாண்டினால் ரிடர்ன் முழுக்க மூடிக்கொள்ளும், அதற்கு மேல் பிரஷர் விழும். பூஸ்டைக் கூட்டுவது பம்பை இரண்டு பக்கமும் அடிக்கிறது. இன்ஜின் அதிகம் கேட்கிறது, அதே நேரத்தில் அதிக பிரஷருக்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதால் பம்ப் கொடுப்பது குறைகிறது. 255 என்ற எண் நல்ல வோல்ட்டேஜிலும் குறிப்பிட்ட பிரஷரிலும் ஒரு மணி நேரத்துக்கு வரும் லிட்டர். 4 பாரில், குறைந்த வோல்ட்டேஜில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்தேன். வித்தியாசம் 0.1 பார் கூட இல்லை. ஃபில்டர் நல்லது.

அப்புறம் வோல்ட்டேஜ். பம்பின் பிளக்கில் பின்பக்கமாக வயர் செருகி, மீட்டரை முன் சீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி டைனோவில். பாட்டரியில் 13.9. பம்பில் 11.2!

2.7 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. எங்கே என்று பிரித்துப் பார்த்தேன். பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து பம்பின் பாசிட்டிவ் வரை 1.6. பம்பின் நெகட்டிவிலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் வரை 1.1. இந்த இரண்டாவது அளவைப் பலர் எடுப்பதே இல்லை. எர்த் வயர் பாடியில் முறுக்கியிருக்கிறது, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பத்து ஆம்பியருக்குப் பக்கம். அப்படியானால் ஏறக்குறைய 27 வாட் வயரைச் சூடாக்கவே போகிறது. தொட்டுப் பார்த்தேன், பிளக்குக்குப் பக்கத்தில் வயர் நன்றாகவே சுட்டது.

அந்த வயர் 1.5 லிட்டர் இன்ஜினின் சின்ன பம்புக்காகப் போட்டது. அந்த வேலைக்கு அது போதுமானதாகவே இருந்தது. மூன்று மடங்கு சுமையை அதன் தலையில் ஏற்றியது நாங்கள்தான். ஈவோக்களில் பூஸ்டில் பம்புக்கு முழு வோல்ட்டேஜ் கொடுக்கத் தனி ரிலேயே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்திருக்கிறார்கள், ஹாஃப்‌கட் மாற்றும்போது இன்ஜின் வருகிறது, அந்த ரிலேயும் வயரும் கூடவே வருவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வயரிங். பாட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கேபிள், பாட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் ரிலே. பழைய பம்ப் வயர் இனி ரிலேயை இழுக்க மட்டும். இதை மாற்றி, நேராக சாவியிலிருந்து ரிலேக்குக் கொடுத்தால் கார் மோதி இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். இசியூ கையில்தான் அந்தக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். எர்த்துக்கும் அதே தடிமன் கேபிள், பாடியில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த பிறகு போல்ட், மேலே கிரீஸ்.

ஐடிலில் ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றி மறுபடி பார்த்தேன். அதே 3.0. பம்ப் வேகமாகச் சுற்றும்போது ரிடர்ன் லைன் போதாமல் ஐடில் பிரஷர் ஏறிவிடுவதும் உண்டு, இங்கே அது இல்லை.

மார்ச் 19, புதன்

டைனோ. பம்பில் 13.5 வோல்ட். 6,000-ல் வித்தியாசம் 2.35-லிருந்து 2.75-க்கு ஏறியிருக்கிறது. ஏஎஃப்ஆர் 12.0. பெரிய முன்னேற்றம், ஆனால் முடியவில்லை. அணைத்தால் இன்னும் பிரஷர் இறங்குகிறது. சனிக்கிழமை பம்பை வெளியே எடுக்கிறோம்.

மார்ச் 22, சனி

பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு பிரஷரை இறக்கினோம். பாட்டரியைக் கழற்றி, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். அண்ணன் வெளிவாசலில் விளக்கை வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே ஒரு ஸ்விட்சையும் தொட விடவில்லை.

பம்ப் புத்தம் புதிது போல இருந்தது. வடிகட்டும் சாக்ஸில் கொஞ்சம் துரு நிற மண், அவ்வளவுதான். அந்தத் துண்டு ஹோஸ்தான் காரணம். ஒரு விரல் நீளம் கூட இல்லை. தொட்டால் ஊறி உப்பி, கையில் கறுப்பாக ஒட்டியது. கிளிப்புக்குக் கீழே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் அதை லேசாக வளைத்தார், கிளிப்பின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. பிரஷர் ஏற ஏற இந்த வாய் திறந்து, பம்ப் தள்ளிய பெட்ரோலில் ஒரு பங்கு ரெயிலைப் பார்க்காமலேயே டாங்குக்குள் கொட்டியிருக்கிறது.

ஹோஸின் மேல் ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருந்தது. அது இன்ஜெக்ஷன் பிரஷரைத் தாங்கும் ஹோஸ்தான், ஆனால் உட்புறம் மட்டும் பெட்ரோலைத் தாங்கும். டாங்குக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டியது ஜே30ஆர்10, உள்ளும் புறமும் தாங்குவதற்கென்றே செய்தது. விலை பல மடங்கு என்பதால் கடையில் பலரும் கேட்பதில்லை, கடைக்காரர்களும் எடுத்துக் கொடுப்பதில்லை. பம்ப் மாட்டிய இடத்தில் இதைப் போட்டுவிட்டார்கள். வாங்குபவர்கள் ஹோஸின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். இதற்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

ஆர்10 போட்டு, புது சாக்ஸ், மூடிக்குப் புது ஓ-ரிங். அணைத்து அரை மணி கழித்துப் பார்த்தபோதும் 2.2 பார் நின்றது.

மார்ச் 26, புதன்

நோன்புப் பெருநாளுக்கு முன் கடைசி டைனோ நேரம் கிடைத்தது. 1.1 பாரில் 4,500 முதல் 7,000 வரை வித்தியாசம் 2.95-க்குக் கீழே ஒரு இடத்திலும் போகவில்லை. ஏஎஃப்ஆர் 11.4-க்கும் 11.6-க்கும் நடுவில். மேப்பில் ஒரு எண் கூட மாற்றவில்லை. அண்ணன் லாகைப் பார்த்துவிட்டு, "நல்லவேள பம்ப மாத்தல" என்றார்.

சென்சாரைக் கழற்றப் போவதில்லை. பிரஷர் வித்தியாசம் 2.7-க்குக் கீழே போனால் பூஸ்டை வெட்டும்படி இசியூவில் எழுதியாயிற்று. அடுத்து பார்க்க வேண்டியது சூடு. நெரிசலில் நின்று நின்று போகும்போது ரெயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பும் பெட்ரோல் டாங்கையே சூடாக்குகிறது, சூடான பெட்ரோலில் பம்ப் ஆவியை இழுக்க ஆரம்பிக்கலாம். பெருநாள் கூட்டம் ஓய்ந்த பிறகு கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் ஒரு லாக் எடுக்கிறேன். அதன் பிறகு சிப்பாங் பந்தயத் தடத்தில், நீண்ட வளைவுகளில் டாங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்ஜ் டாங்க் (பம்புக்குப் பெட்ரோல் எப்போதும் கிடைக்க வைக்கும் சின்ன டாங்க்) வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த லாகை வைத்து முடிவு செய்கிறேன்.