கிரேக்க ஊர்ப்பெயர்கள்: பாலும் எண்ணும் முதலில், பொருள் பிறகு

பழங்கிரேக்கம் படிப்பவர்கள் ஊர்ப்பெயர் வந்ததும் ‘பெயர்தானே’ என்று தாண்டிவிடுவார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். தமிழில் எந்த ஊரும் அஃறிணை ஒருமை. கிரேக்கத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பால், தனி எண்.

அதேனாய் (ஏதென்ஸ்), தேபாய், மிகேனாய் பெண்பால் பன்மை. டெல்ஃபோய் ஆண்பால் பன்மை. ஊர் ஒன்றே ஆனாலும் வினை பன்மையில் வரும். மெகராவோ பலவின்பால், ஆனால் வினை ஒருமை; நாம் பேச்சில் ‘மாடுகள் வந்தது’ என்பதுபோல. கொரிந்தோஸ், ரோடோஸ், டேலோஸ் ஆண்பால் போலத் தெரியும், மூன்றும் பெண்பால். அதனால் குறிப்பேட்டில் வெறும் பெயரை எழுதாதீர்கள். சுட்டுச்சொல்லோடு (article; ‘ஹே’ பெண்பாலுக்கு உரியது) ‘ஹே கொரிந்தோஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் சேருங்கள்.

அந்த இரண்டாம் வடிவம் ஏன் வேண்டும்? சிசிலியில் இருந்த செலினூஸைப் பாருங்கள். ஆறாம் வேற்றுமையில் அது செலினூன்தோஸ். எழுவாயில் மறைந்த ‘ன்த்’ வெளியே வந்துவிடுகிறது. இன்றைய இத்தாலியப் பெயரான செலினுன்தேயிலும் அந்த ஒலி இருக்கிறது. ‘செலினோன்’ என்பது காட்டுச் செலரி. ‘-ஊஸ்’ விகுதிக்கு ‘நிறைந்தது’ என்று பொருள். அந்த ஊரின் வெள்ளிக் காசிலேயே செலரி இலை பொறித்திருக்கிறது. திராபெஸூஸ் (இன்றைய துருக்கியின் திராப்ஸோன்) இதே வகை. அதன் அடிச்சொல் ‘திராபெஸா’, மேசை.

இட வடிவங்களைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள்: அதேனேசி (ஏதென்ஸில்), அதேனாஸே (ஏதென்ஸுக்கு), அதேனேதென் (ஏதென்ஸிலிருந்து). மொழிபெயர்ப்பில் அதிகம் தவறுவது ‘மரதோனி’. நான்காம் வேற்றுமை உருபைப் பார்த்து ‘மரதோனுக்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே உருபு மயக்கம். பொருள் ஏழாம் வேற்றுமை, ‘மரதோனில்’. முன்னிடைச்சொல்லே (preposition) இல்லாமல் வரும்.

பொருள் தேடும்போது ஆம்ஃபிபோலிஸ் நல்ல தொடக்கம். ஸ்த்ரிமோன் ஆறு இரு பக்கமும் சூழ்ந்து ஓடுவதால் அப்பெயர் என்று பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸே சொல்கிறார். ‘ஆம்ஃபி’ என்றால் இருபுறமும். தெர்மோபிலாய் என்ற கணவாயின் பெயரும் எளிது: வெந்நீர் ஊற்றுகள் உள்ள ‘வெப்ப வாயில்கள்’. ஆனால் ‘-ந்தோஸ்’, ‘-ஸ்ஸோஸ்’ என முடியும் கொரிந்தோஸ், பர்நாஸ்ஸோஸ் (மலை), க்னோஸ்ஸோஸ் போன்றவற்றைக் கிரேக்கச் சொல்லாகப் பிரித்துப் பொருள் கட்டாதீர்கள். அவை கிரேக்கத்துக்கு முன் அங்கே வழங்கிய மொழியின் எச்சம் என்பதே அறிஞர்களிடையே பரவலான கருத்து. விடைத்தாளில் அப்படியே எழுதுங்கள்.