அப்பா உட்கார்ந்தா மட்டும் நிக்கிற லேப்டாப்

எங்க வீட்ல இருக்கிற லேப்டாப் 2011ல வாங்கினது, ரெண்டாம் ஜெனரேஷன் ஐ5, ரேம் மட்டும் நடுவுல 8 ஜிபி ஆக்கினோம். அது பூட் ஆகி முடிக்கிறதுக்குள்ள காபி போட்டு குடிச்சு டம்ளரையும் கழுவி கவுத்து வச்சிடலாம், அந்த லட்சணத்துல இருந்துச்சு. சரின்னு ஹார்டு டிஸ்க்கை கழட்டிட்டு 1700 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்னு வாங்கி, யூஎஸ்பி கேபிள்ல மாட்டி விண்டோஸ் 10ஐ அப்படியே க்ளோன் பண்ணி உள்ள போட்டேன். 25 செகண்ட்ல டெஸ்க்டாப் வந்துடுச்சு. அப்பா ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பார்த்தார், நம்பலை.

அதோட விட்டிருக்கணும். விடலையே. விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்ஸ்ல போய் சும்மா பார்த்தப்ப, டிஸ்க்கோட எப்படி பேசணும்னு சொல்ற சாட்டா மோடு ஏடிஏன்னு இருந்துச்சு, அதாவது பழைய ஐடிஇ ஸ்டைல். எஸ்எஸ்டி போட்டா ஏஎச்சிஐங்கிற புது மோடுதான் வைக்கணும், அப்பதான் டிஸ்க் தனக்கு வர்ற வேலைகளை வரிசைப்படுத்தி முடிக்கிற என்சிக்யூ எல்லாம் வேலை செய்யும்னு படிச்சது ஞாபகம் வந்துச்சு, உடனே மாத்திட்டேன். மாத்தினதும் நீல ஸ்கிரீன், இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ். இது தெரிஞ்ச விஷயம்தான், திரும்ப ஏடிஏக்கே போய் விண்டோஸை ஏத்தி, எம்எஸ்கான்ஃபிக்ங்கிற விண்டோஸ் டூல்ல பூட் டேப்ல சேஃப் பூட் டிக் பண்ணிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி நேரா பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ வச்சா சேஃப் மோடுல எழுந்து வந்து டிரைவரை அதுவே எடுத்துக்கும், அப்புறம் அந்த டிக்கை எடுத்துட்டா முடிஞ்சது. எனக்கும் முடிஞ்சது. பெருமையா காலரை தூக்கி விட்டுக்கிட்டேன்.

நாலஞ்சு நாள் கழிச்சு அப்பா ஆரம்பிச்சார், "ஏன்டா இது அப்பப்ப நின்னு போகுது"ன்னு.

அவர் ஈசி சேர்ல சாஞ்சுக்கிட்டு மடியில பலகை வச்சு அதுமேல லேப்டாப் வச்சு இ-பேப்பர் படிப்பார், ஒரு பக்கத்தை பத்து நிமிஷம் படிப்பார், விளம்பரம் உட்பட. அடுத்த பக்கத்துக்கு க்ளிக் பண்ணினா ஒன்னும் நடக்காது. மவுஸ் அம்பு மட்டும் நகரும். டிஸ்க் லைட் சிமிட்டாம அப்படியே எரிஞ்சுக்கிட்டு நிக்கும். அவரும் விடாம அஞ்சாறு தடவை க்ளிக் பண்ணுவார், அரை நிமிஷம் கழிச்சு எல்லா க்ளிக்கும் மொத்தமா போய் சேர்ந்து நாலாம் பக்கத்துல இருந்த மனுஷன் விளையாட்டு செய்தியில போய் விழுவார். நான் வாங்கி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓட்டினா ஒன்னுமே ஆகாது. "நீ உட்கார்ந்தா ஓடுது, நான் உட்கார்ந்தா நிக்குது"ன்னு அவர் சொன்னப்ப நான் சிரிச்சேன். அந்த ஒரு வரியிலதான் மொத்த விஷயமும் இருந்துச்சுன்னு தெரிய எனக்கு மூணு வாரம் ஆச்சு.

அந்த மூணு வாரத்துல நான் பண்ணாத கூத்து இல்ல. ஆன்டிவைரஸை தூக்கினேன், ரேமை கழட்டி ரப்பர் வச்சு தேய்ச்சு போட்டேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க விண்டோஸை புதுசா போட்டேன், அதுலயும் அதே கதை. தெரு முனை சர்வீஸ் கடையில "போர்டு பழசு சார், எஸ்எஸ்டி செட் ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க. எஸ்எஸ்டியே டுபாக்கூரோன்னு அதை கழட்டி ஆபீஸ் டெஸ்க்டாப்ல மாட்டி ரெண்டு நாள் ஓட்டினேன், ஒரு தடவை கூட நிக்கலை. அதனாலதான் எந்த கம்பெனின்னு இங்க சொல்லலை, அதோட தப்புன்னும் சொல்ல முடியலை.

டிரைவோட ஆரோக்கியத்தைக் காட்டற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு பார்த்தேன். ஹெல்த் குட்னு நீலமா காட்டுச்சு. சி7னு ஒரு வரி இருக்கும், சிஆர்சி எரர் கவுன்ட், டேட்டா போற வழியில கெட்டுப்போன தடவைகளோட கணக்கு, அது நாளுக்கு நாள் ஏறுதுன்னா கேபிளோ கனெக்டரோ சரியில்லைன்னு அர்த்தம், எனக்கு பூஜ்யத்துலயே நின்னுச்சு. டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னும் பார்த்தேன், ஏன்னா க்ரூஷியல் எம்4னு ஒரு பழைய எஸ்எஸ்டில 5184 மணி நேரம் தாண்டினா மணிக்கு ஒரு தடவை உறைஞ்சு போற பக் இருந்துச்சு, 2012 ஜனவரியில 0309ன்னு ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) விட்டு சரி பண்ணாங்க. அதுமாதிரி எதாவதான்னு ஒரு சந்தேகம். என்னோடது ஓடினதே முன்னூத்து சொச்சம் மணி நேரம்தான், ஃபர்ம்வேரும் லேட்டஸ்ட்.

அப்புறம்தான் விண்டோஸ் தனக்கு நடந்ததை எல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர் ஞாபகம் வந்துச்சு. இதை முதல் நாளே திறந்திருக்கணும், நம்ம புத்திதான். விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் போய் டிரைவ் ரீசெட் ஆனா பதிவாகிற 129ங்கிற நம்பரை ஃபில்டர் போட்டா வரிசையா மஞ்சள் முக்கோணம், எல்லாத்துக்கும் சோர்ஸ் ஸ்டோர் ஏஎச்சிஐ, அதாவது விண்டோஸோட ஏஎச்சிஐ டிரைவர், எல்லாத்துலயும் ஒரே வாசகம், ரெய்டுபோர்ட் 0ல இருக்கிற டிவைஸுக்கு ரீசெட் கொடுத்தோம்னு. அதாவது விண்டோஸ் டிரைவ்கிட்ட எதையோ கேட்டிருக்கு, பதில் இல்ல, டைம்அவுட் ஆகுற வரைக்கும் காத்திருந்துட்டு தலையில தட்டி எழுப்பியிருக்கு. அந்த அரை நிமிஷம் அதுதான்.

நேரத்தை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதினேன். காலையில ஆறரைல இருந்து எட்டு, சாயந்தரம் நாலுல இருந்து அஞ்சு. அப்பா பேப்பர் படிக்கிற நேரம். நடுவுல ஒரு நாள் ராத்திரி கல்யாண வீடியோ 40 ஜிபி காப்பி பண்ணியிருந்தேன், அந்த நேரத்துல ஒரே ஒரு 129 கூட இல்ல. டிரைவ் செத்துக்கிட்டு இருந்தா இல்ல போர்டு வலு இல்லாம இருந்தா 40 ஜிபி எழுதறப்பதானே திணறணும்? வேலை கொடுத்தா நல்லா செய்யுது, சும்மா விட்டா மாட்டிக்குது. இன்னொன்னு, ஈசி சேர் பக்கத்துல ப்ளக் பாயின்ட் கிடையாது. அப்பா எப்பவும் பேட்டரியில, நான் எப்பவும் டேபிள்ல சார்ஜர்ல.

சும்மா இருக்கிறப்ப, அதுவும் பேட்டரியில இருக்கிறப்ப என்ன நடக்கும்? பவர் சேவிங். சாட்டா லிங்க்குன்னு சொல்றோமே, டிரைவுக்கும் போர்டுல இருக்கிற சிப்செட்டுக்கும் நடுவுல போற அந்த இணைப்பு, அதையே தூங்க வைக்கிற ஏற்பாடு ஒன்னு ஏஎச்சிஐல இருக்கு, லிங்க் பவர் மேனேஜ்மென்ட். கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்து தூங்க வச்சா எச்ஐபிஎம், டிரைவே தூங்கப் போறேன்னு சொன்னா டிஐபிஎம். மதியானம் ஆள் வராத நேரத்துல கல்லாவுலயே தலை சாயற அண்ணாச்சி மாதிரி, கூப்பிட்டா டக்குனு எழுந்திரிக்கணும். சில பழைய சிப்செட்டும் சில எஸ்எஸ்டியும் ஜோடி சேர்ந்தா எழுந்திரிக்கிறது இல்ல. பழைய ஏடிஏ மோடுல விண்டோஸ் இந்த தூக்க வேலை எதுவும் பார்க்கிறது இல்ல, அதனாலதான் அப்ப நிக்கலை. ஆக ஏஎச்சிஐ மாத்தி இந்த வினையை வீட்டுக்கு கூட்டிட்டு வந்ததே நான்தான்.

இதை நிறுத்துற இடம் பவர் ஆப்ஷன்ஸ்ல சாதாரணமா தெரியாது, ஒளிச்சு வச்சிருக்காங்க. அங்க தெரியறது பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட்னு ஒன்னு, பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு அதை ஆஃப் பண்ணி ஒரு நாள் வீணா போச்சு, அதுக்கும் சாட்டா டிரைவுக்கும் சம்பந்தம் இல்ல. விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியில கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், பவர், பவர் செட்டிங்ஸ்னு உள்ள போய், 0012ன்னு ஆரம்பிக்கிற ஃபோல்டருக்குள்ள 0பி2டின்னு ஆரம்பிக்கிறது ஒன்னு இருக்கும், அதுல ஆட்ரிபியூட்ஸ்ங்கிறதை 1ல இருந்து 2 ஆக்கணும். கை வைக்கிறதுக்கு முன்னாடி பழைய நிலைக்கே திரும்பிப் போக ரீஸ்டோர் பாயின்ட் ஒன்னு போட்டுக்கோங்க, நான் போட்டேன், தேவைப்படலை. அதுக்கப்புறம் பவர் ஆப்ஷன்ஸை மூடி திறந்தா ஹார்டு டிஸ்க் தலைப்புக்கு கீழ புதுசா ஏஎச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட்னு ஒரு வரி வந்து நின்னுச்சு. என் மெஷின்ல ப்ளக்ட் இன்னுக்கு நேரா ஆக்டிவ், ஆன் பேட்டரிக்கு நேரா எச்ஐபிஎம். ஸ்கிரீனைப் பார்த்து சத்தமா சிரிச்சுட்டேன், அப்பா சொன்னது அப்படியே ரெண்டு வரியா எழுதி வச்சிருந்துச்சு. ரெண்டையும் ஆக்டிவ் ஆக்கினேன், அதாவது தூங்கவே விடாதேன்னு.

பத்து நாள் நிக்கலை. பதினொன்னாம் நாள் காலையில "டேய், மறுபடியும்"னு குரல் வந்துச்சு. வயித்துல புளியைக் கரைச்சுது. போய் பார்த்தா பவர் ப்ளான் பேலன்ஸ்டுல இருந்து பவர் சேவருக்கு மாறியிருக்கு, பேட்டரி நிறைய நேரம் வரும்னு வாக்கிங்ல யாரோ சொன்னாங்களாம், அப்பாவே மாத்திட்டார். இந்த செட்டிங் ஒவ்வொரு ப்ளானுக்கும் தனித்தனி, நான் பேலன்ஸ்டுல மட்டும்தான் மாத்தியிருந்தேன். மூணு ப்ளானுக்கும் ஆக்டிவ் வச்சுட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு, 129 ஃபில்டர் போட்டா கடைசி தேதி அந்த பதினொன்னாம் நாள்தான்.

பேட்டரி முன்ன 50 நிமிஷம் வந்துச்சு, இப்ப 45தான் வருதாம். அப்பா கடிகாரம் பார்த்து கணக்கு சொல்றார், இதுக்கும் எதாவது வழி இருக்கான்னு பார்க்க சொல்லியிருக்கார்.