82 சொல்லில் ஒன்று, 85 சொல்லில் ஒன்று: ஆங்கில வாக்கியங்களைக் கோடு போட்டுப் பார்த்தது

பள்ளியில் ஆங்கில வாக்கிய வகைகள் என்றால் நமக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் மாற்றி எழுதும் வித்தைதான். 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள், 'தோ' வந்தால் காம்ப்ளெக்ஸ், 'பட்' வந்தால் காம்பவுண்ட். மார்க் வாங்க அது போதும். ஆனால் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம் ஒன்றை எடுத்து, இதில் எந்த வாக்கியம் எந்த வகை என்று கேட்டால் அந்தச் சூத்திரம் பாதி வழியில் கைவிட்டுவிடும். அங்கே யாரும் நமக்கு வசதியாக 'தோ' போட்டு எழுதுவதில்லை. சரி, வேறு வழியில் போய்ப் பார்ப்போம் என்று வாக்கியங்களைப் படமாக வரையும் பழைய அமெரிக்க முறையைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டேன்.

அலன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1877இல் வெளியிட்ட இலக்கணப் பாடநூலில் இந்த முறையைக் கொடுத்தார்கள். அதற்கு 30 வருடம் முன்பே, 1847இல், ஸ்டீபன் கிளார்க் என்பவர் சொற்களைக் குமிழிகளுக்குள் அடைத்து வரைந்து காட்டியிருந்தார். ரீடும் கெல்லாக்கும் குமிழியை விட்டுக் கோட்டுக்கு வந்தார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பல தலைமுறைகள் இதைக் கரும்பலகையில் வரைந்து வளர்ந்தன. அப்புறம் மெல்லக் குறைந்துபோனது. தனியாக இலக்கணப் பயிற்சி செய்வதால் எழுத்து மேம்படாது என்று அங்கே ஆங்கில ஆசிரியர் அமைப்பு 1985இல் தீர்மானமே போட்டது. எழுத்து மேம்படுமா என்பது வேறு கதை. வாக்கியத்தின் உள்கட்டுமானத்தைப் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

செய்முறை எளிது. கிடைமட்டமாக ஒரு அடிக்கோடு. அதை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு; அதற்கு இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. செயப்படுபொருள் இருந்தால் வினைக்கு அடுத்து இன்னொரு நிமிர்ந்த கோடு. இது அடிக்கோட்டின் மேல் நிற்கும், வெட்டிக் கீழே போகாது. 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னால் வருகிற சொல்லுக்கு முன்னால் சாய்கோடு. 'த', 'கிரேட்' போன்ற அடைகள் எல்லாம் தங்களுக்குரிய சொல்லின் அடியில் சாய்வாகத் தொங்கும். தேவையான பொருள்கள் கோடு போடாத தாள், பென்சில், ஸ்கேல், நல்ல அழிரப்பர். பேனாவில் ஆரம்பிக்க வேண்டாம். தாளைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்வது நல்லது, ஆங்கில வாக்கியம் வலப்பக்கமாகவே வளரும்.

முதலில் சின்ன வாக்கியங்கள். 'குளோஸ் த டோர்' என்றால் எழுவாய் இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'யூ'. கண்ணில் படாத எழுவாயைக் கூட இந்த முறை விடாது. கேள்வி வாக்கியத்தில்தான் முதல் சுவாரசியம். 'டிட் யூ ஸீ த மூன்' என்பதை வரைய வேண்டுமானால் அதை 'யூ டிட் ஸீ த மூன்' என்று நேர்ப்படுத்தித்தான் வரைய முடியும். அதாவது கேள்விக்கும் செய்திக்கும் ஒரே படம். உணர்ச்சி வாக்கியத்துக்கும் இப்படித்தான், ஆச்சரியக்குறி படத்தில் ஏறாது.

இதில் ஒன்று தெளிவாகிவிட்டது. ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் இரண்டு முத்திரைகள் உண்டு. எதற்காகச் சொல்லப்பட்டது என்பது ஒன்று: செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. எப்படிக் கட்டப்பட்டது என்பது இன்னொன்று: சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ், கடைசி இரண்டும் சேர்ந்த காம்பவுண்ட் காம்ப்ளெக்ஸ். பல கையேடுகளில் இவற்றை ஒரே பட்டியலில் ஏழெட்டு வகைகளாக அடுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் படிக்கிறவர்கள் 'இது கேள்வியா, காம்ப்ளெக்ஸா' என்று தடுமாறுகிறார்கள். இரண்டுமாக இருக்கலாமே.

கட்டுமான வகையைப் படத்தில் எண்ணியே சொல்லிவிடலாம். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வெட்டிக்கொண்டு போகும் கோடு எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒன்றே ஒன்று என்றால் சிம்பிள். இரண்டு அடிக்கோடுகள் சமமாக நின்று, நடுவே 'அண்ட்', 'பட்' எழுதிய புள்ளிக்கோட்டால் இணைந்தால் காம்பவுண்ட். ஒன்று இன்னொன்றைச் சார்ந்து தொங்கினால் காம்ப்ளெக்ஸ். ஒரு வாக்கியமே பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்தால், அதை அந்தப் பெயரின் இடத்தில் பொய்க்கால் மேல் நிற்பது போல ஒரு தாங்குகோட்டில் ஏற்றி வைக்க வேண்டும்.

தமிழ்க்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். முற்றுவினையையும் அதற்குரிய எழுவாயையும் ஜோடியாக எண்ணுங்கள், எச்சங்களை விட்டுவிடுங்கள். 'ஷி கேம் ஹோம் அண்ட் வாஷ்ட் த டிஷஸ்' என்பதில் வினைமுற்று இரண்டு, எழுவாய் ஒன்றுதான், ஆகவே சிம்பிள். 'அண்ட்'டுக்குப் பிறகு இன்னொரு 'ஷி' வந்தால் காம்பவுண்ட். ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'இங்கே போரிட்ட வீரர்கள்' என்று நாம் பெயரெச்சத்தில் முடித்துவிடுவதை ஆங்கிலம் 'ஹூ ஸ்ட்ரகிள்ட் ஹியர்' என்று எழுவாயும் முற்றுவினையும் உள்ள தனி வாக்கியமாக வைக்கிறது. காம்ப்ளெக்ஸ் நம் கண்ணுக்குத் தப்பும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் 'ஹூ ஸ்ட்ரகிள்ட் ஹியர்' எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பயிற்சிக்கு யாரோ செய்துவைத்த வாக்கியங்கள் அலுத்துவிட்டன. உண்மையான உரைநடை ஒன்று வேண்டும், சின்னதாகவும் இருக்க வேண்டும். 1863 நவம்பர் 19 அன்று, உள்நாட்டுப் போரின் களமான கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் பேசியதை எடுத்துக்கொண்டேன். அவர் கையெழுத்தில் ஐந்து பிரதிகள் இருக்கின்றன. அவர் கையொப்பமிட்ட பிளிஸ் பிரதியைத்தான் வழக்கமாக அச்சிடுகிறார்கள். அதில் பத்தே வாக்கியங்கள், 272 சொற்கள்.

பத்தும் செய்தி வாக்கியங்கள். ஒரு கேள்வி கிடையாது, ஒரு கட்டளை கிடையாது. கட்டுமானத்தில் வரைந்து பார்த்தபோது ஏழு காம்ப்ளெக்ஸ். சந்தேகமே இல்லாத சிம்பிள் ஒன்றுதான், மூன்றாவது வாக்கியம்: 'வீ ஆர் மெட் ஆன் எ கிரேட் பேட்டில்ஃபீல்ட் ஆஃப் தட் வார்'. பத்துச் சொல், ஒரு அடிக்கோடு, முடிந்தது. 30 சொல் கொண்ட முதல் வாக்கியம் கடைசிவரை சிம்பிளாகவே போகிறது. 'கன்சீவ்ட்', 'டெடிகேட்டட்' இரண்டும் எச்சங்கள், கணக்கில் வராது. முடிவில் 'ஆல் மென் ஆர் கிரியேட்டட் ஈக்வல்' வந்து ஒட்டிக்கொண்டு அதைக் காம்ப்ளெக்ஸ் ஆக்கிவிடுகிறது.

நான்காவதில் 'தட் தட் நேஷன் மைட் லிவ்' என்று அடுத்தடுத்து இரண்டு 'தட்' வரும். வாசிக்கும்போது நாக்கு இடறும். படத்தில் அவை ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. முதலாவது வினையையும் வினையையும் இணைக்கும் புள்ளிக்கோட்டின் மேல் ஏறிக்கொள்கிறது, இரண்டாவது 'நேஷன்' அடியில் தொங்குகிறது.

எட்டாவதுதான் வரைய அழகானது. நாம் இங்கே சொல்வதை உலகம் பெரிதாகக் கவனிக்காது, நெடுநாள் நினைவில் வைக்காது. ஆனால் அவர்கள் இங்கே செய்ததை ஒருநாளும் மறக்க முடியாது என்ற வாக்கியம். 'பட்' நடுவில், இரண்டு அடிக்கோடுகள் மேலும் கீழும், ஒவ்வொன்றின் வலக்கோடியிலும் ஒரு தாங்குகோடு. மேல் தாங்குகோட்டில் 'வீ சே', கீழ்த் தாங்குகோட்டில் 'தே டிட்'. காம்பவுண்ட் காம்ப்ளெக்ஸ். இதில் 'நார்' என்ற இணைப்புச்சொல்லும் இருக்கிறது, ஆனால் அது இரண்டு வினைகளைத்தான் இணைக்கிறது, வாக்கியங்களை அல்ல. 'ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ' இருந்தால் காம்பவுண்ட் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

ஆறாவதைப் பற்றிச் சண்டை போடலாம். 'வீ கேன் நாட்' மூன்று முறை வருகிறது, மூன்று வினைகள், கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'திஸ் கிரவுண்ட்'. ஒரே எழுவாயைத் திரும்பச் சொன்னதாக எடுத்தால் சிம்பிள். மூன்று எழுவாய் என்று எடுத்தால் காம்பவுண்ட், ஆனால் மூன்று அடிக்கோடுகளும் போய் ஒரே செயப்படுபொருளில் கூட வேண்டும். நான் இரண்டாவதை வரைந்தேன். மேடையில் நின்று மூன்று தரம் அழுத்திச் சொன்னதை ஒன்றாக மடிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கடைசி வாக்கியத்துக்குச் சார்ட் பேப்பர் தேவைப்பட்டது. 82 சொற்கள். நான்கு கோடுகுறிகள் (டாஷ்), ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 'தட்' வரிசை. சிக்கல் இதுதான்: 'இந்த நாடு சுதந்திரத்தில் புதிதாகப் பிறக்கும்', 'மக்களாட்சி மண்ணில் அழியாது' என்ற கடைசி இரண்டும் எதைப் பற்றித் தொங்குகின்றன? நமக்கு முன் உள்ள பெரும்பணி என்பதையா, நாம் உறுதி ஏற்கிறோம் என்பதையா? வாசிக்கும்போது இந்தக் கேள்வியே எழாது, எங்கோ தொங்குகிறது என்று விட்டுவிடலாம். வரைகிறவன் கோட்டை எங்காவது கொண்டுபோய் முடித்தே ஆக வேண்டும். விடை வினைகளில் கிடைத்தது. 'வீ டேக்', 'வீ ரிசால்வ்' இரண்டிலும் 'ஷல்' இல்லை. இறந்தவர்கள் வீணாக இறக்கவில்லை என்பதிலும், அதற்கடுத்த இரண்டிலும் 'ஷல்' இருக்கிறது. ஆக, 'ஷல்' உள்ள மூன்றும் ஒரு குடும்பம்; மூன்றையும் 'ரிசால்வ்' என்ற வினையின் செயப்படுபொருளாக ஒரே கிளையில் ஏற்றினேன். 'அண்ட்' கடைசி 'தட்'டுக்கு முன்னால் நிற்பதும் இதற்குப் பொருந்துகிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நீளமான சிம்பிள் ஒன்று வேண்டும் என்று தேடியபோது, அது பல பாடப்புத்தகங்களின் முதல் பக்கங்களில் இருப்பது நினைவுக்கு வந்தது. இந்திய அரசியலமைப்பின் முகப்புரை. ஆங்கில மூலம் ஒரே வாக்கியம், இன்றைய வடிவில் 85 சொற்கள், லிங்கனின் கடைசி வாக்கியத்தைவிட மூன்று அதிகம். வெட்டுக்கோடு ஒன்றே ஒன்று. எழுவாய் 'வீ'. வினைகள் மூன்று, 'அடாப்ட்', 'எனாக்ட்', 'கிவ்'. மூன்றுக்கும் பொதுவாக ஒரே செயப்படுபொருள் 'கான்ஸ்டிட்யூஷன்'. 'டு அவர்செல்வ்ஸ்' மட்டும் 'கிவ்' அடியில் தனியாகத் தொங்கும். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் 'ஹேவிங் ரிசால்வ்ட்' என்ற எச்சத்தின் கீழே, எழுவாயின் அடியில் ஒரு பெரிய கொத்தாக இறங்குகின்றன. தாளின் இடப்பக்கம் நிறைந்துவிடும், வலப்பக்கம் ஏறக்குறையக் காலி. இவ்வளவு இருந்தும் அது சிம்பிள் வாக்கியம்தான்.

1976இல் 42ஆவது திருத்தம் இதில் சேர்த்தவை எங்கே உட்காருகின்றன என்றும் வேறு நிறப் பென்சிலில் போட்டுப் பார்த்தேன். 'சோஷலிஸ்ட்', 'செக்குலர்' இரண்டும் 'ரிபப்ளிக்' அடியில் இரண்டு சாய்கோடுகள். 'இன்டக்ரிட்டி' வந்ததால் 'யூனிட்டி' இருந்த ஒற்றைக் கோடு இரண்டாகக் கிளை பிரிந்தது. 1949இல் போட்ட அடிக்கோட்டில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.